இன்பம் தானே மாட்டிய முன்சக்கரம்

ராஜபாளையம் டெலிபோன் எக்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்த இன்பத்துக்கு, நாற்பத்திரண்டு வயது வரைக்கும் எவர் மேலும் பெரிய மரியாதை வந்ததில்லை. லைன் கொடுக்கும்போது காதில் விழுவது விழத்தான் செய்யும். பஞ்சு வியாபாரி மதுரைக்கு ஒரு விலை சொல்வான், அடுத்த நிமிஷம் கோயம்புத்தூருக்கு வேறு விலை சொல்வான். இருபது வருஷம் இதைக் கேட்டவளுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? தன்னைப் பெண் கேட்டு வந்த மூன்று பேரையும் குரலை வைத்தே கழித்துக்கட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலைக்குப் போய்வர 1988-இல் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினாள். பஸ் ஓடாமலா போச்சு என்று அண்ணன் பால்துரை கேட்டார். சைக்கிளில் போகும்போதே எதிரே மாட்டுவண்டி வந்தால் இறங்கி நின்றுகொள்கிற மனிதர் அவர். இன்பம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த வருஷம் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. வேகம் நாற்பதைத் தாண்டினால் பிடித்த கையை உதறும். திருப்பினால் முன்பக்கம் கடகடவென்று அடிக்கும். ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் முனைகளும் ரப்பர் புஷ்களும் தேய்ந்துவிட்டன, எல்லாம் புதுசு போட வேண்டும் என்றார். அவருடைய குரலும், லைனில் ரெண்டு விலை சொல்கிறவர்களிடம் கேட்டு இன்பத்துக்குப் பழக்கமான குரல்தான். வண்டியை விடுவதற்கு முன்னால் அடியில் நுழைந்து, டை ராட் முனை ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்ட்டால் ‘இ’ என்று எழுதி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது எல்லாம் புதுசு என்றார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு, குனிந்து கைக்குட்டையால் ஒரு முனையைத் துடைத்தாள். ‘இ’ அப்படியே இருந்தது.

“கம்பெனியிலயே செவப்பு அடிச்சுத்தாம்மா வரும்” என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

“எம் பேரு கம்பெனி வரைக்கும் தெரிஞ்சிருக்கு, பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வேறு ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னார் பால்துரை. வேறு என்றால் வேறு குரல், அவ்வளவுதானே என்று நினைத்தாள். மதுரைக்குப் போய்ச் சாமானையும், பாகங்களைப் படம் போட்டுக் காட்டும் புத்தகம் ஒன்றையும் வாங்கினாள். பத்து நாள் லீவு போட்டாள். அண்ணனின் பழைய காக்கி பேண்டை மாட்டிக்கொண்டு, வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினாள். தெரு வேடிக்கை பார்த்தது. சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுக்காமல் போல்ட்டை உருவினால், ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிற முறுக்குக்கம்பி அதை உதறித் தள்ளிவிடும் என்பதைப் புத்தகத்தில் மூன்று தடவை படித்து வைத்திருந்தாள். நிற்கிறவர்களில் ஒருவனுக்காவது அது தெரியுமா என்று எண்ணியபடி புஷ்களைப் பிதுக்கி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு வரவில்லையே என்று விசாரிக்க வந்த பாதிரி ஐயர், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஜெபம் நீளம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

திங்கள்கிழமை சிக்கல் வந்தது. நட்டைக் கழற்றியும் டை ராட் முனை விட்டு வரவில்லை. எதிர்வீட்டு லாரி டிரைவர் மதார் சாகிப் பீடியை அணைத்துவிட்டு வந்து, ரெண்டு சுத்தியலால் அடிக்கணும் என்றார்.

“நான் கூப்பிடலையே, பாய்.”

அவர் போய்விட்டார். மத்தியானம் வரை அவள் ஒற்றைச் சுத்தியலால் அடித்தாள். திருகு நசுங்கியது, கட்டைவிரல் நகம் கறுத்தது. முனை மட்டும் அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்தப் பத்தடி அவளுக்கு மதுரைத் தூரம் இருந்தது.

“அந்த ரெண்டு சுத்தியல் சமாச்சாரத்த இன்னொரு தரம் சொல்லுங்க.”

மதார் சாகிப் சிரிக்கவில்லை. முனை உட்கார்ந்திருந்த வளையத்தின் ஒரு பக்கம் அவர் கனத்த சுத்தியலை அணைத்துப் பிடித்தார். மறுபக்கம் அவள் அடித்தாள். மூன்றாவது அடியில் முனை பொட்டென்று கீழே விழுந்தது. முனையை ராடிலிருந்து திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கோ, மாட்டும்போதும் அம்புட்டே சுத்தணும் என்றார். அவள் எண்ணினாள். இடதுபக்கம் எண்ணும்போது பால்துரை வந்து காப்பி கேட்டதில் கணக்குத் தவறிவிட்டது.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு முன்சக்கரமும் வாத்து நடப்பதுபோல் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. திருப்பத்தில் டயர் கிறீச்சிட்டது. பால்துரை வாய்விட்டுச் சிரித்தார். அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு மூங்கில் கம்பால் இரண்டு டயருக்கும் நடுவே முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளந்தாள். முன்னால் ஒரு விரற்கடை அதிகமிருந்தது. கம்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் நிற்கும்வரை டை ராடுகளைத் திருப்பினாள். சாயங்காலம் ராஜபாளையம் ரோட்டில் அறுபதில் போனாள். ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தாள். உதறலே இல்லை.

அதற்குப் பிறகு கார் வைத்திருந்த ஆட்கள் வீடு தேடி வந்து யோசனை கேட்டார்கள். எல்லோரையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள்.

ஒருநாள் பால் வாங்கும்போது, தான் கிட்டவே போகவில்லை, அந்தம்மா தனியாகவே அம்புட்டையும் செய்தது என்று மதார் சாகிப் யாரிடமோ சொல்வது அவள் காதில் விழுந்தது. பொய் என்றால் இருபது வருஷமாகத் தெரியும் அவளுக்கு. தனக்கு ஒரு லாபமும் இல்லாமல் பொய் சொன்ன இந்தக் குரலை எதில் சேர்ப்பது என்று தெரியாமல், பால் செம்போடு செத்த நேரம் அங்கேயே நின்றாள்.