லென்ஸில் படிந்த பனி

அண்ணன் இறந்து ஒரு மாதம் ஆனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். அவர்கள் வீடிருக்கும் சந்தாபுராவிலிருந்து சிவாஜிநகர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வர வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, அண்ணனின் கேமராவிலிருந்த மெமரி கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அன்னைக்கி எடுத்ததெல்லாம் இதுலதான் கீது. நீ பாத்துச் சொல்லு."

"படத்த ரெடி பண்ணித் தரணுமா அண்ணி?"

"படம் அப்புறம். அவரு எப்ப போனாருன்னு எனக்குத் தெரியணும். அந்தக் கேமரா பக்கத்துலயேதான் இருந்துச்சு. அதுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவரே தொடர்ந்தார். அன்று ராத்திரி நடுவில் கரண்ட் போயிருக்கிறது. ஃபேன் நின்றதும் கொசு கடித்து விழித்துக்கொண்டார். மாடியில் வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் 'பனியில நிக்காதீங்க, வாங்க' என்று கூப்பிடலாமா என்று யோசித்திருக்கிறார். தெருவிளக்கெல்லாம் அணைந்தால் அண்ணனுக்குக் கொண்டாட்டம். கெடுப்பானேன் என்று திரும்பிப் படுத்துவிட்டார். கரண்ட் வந்தது தெரியாமல் தூங்கியும் போனார். காலையில் பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு மாடி ஏறியபோது அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. கேமரா மட்டும் இன்னும் 'டிக்' என்று மூடுவதும் திறப்பதுமாக வெளுத்த வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்கு, ராத்திரி எப்போதோ என்று சொல்லிவிட்டார்.

"நான் முழிச்சிருந்தப்ப அவரு இருந்தாரா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார் அண்ணி.

நான் கல்யாண ஆல்பம் செய்யும் லேப் ஒன்றில் கலர் கரெக்‌ஷன் வேலை பார்ப்பவள். மண்டப விளக்கில் மஞ்சளாகவும் நீலமாகவும் விழுந்த முகங்களை மனித முகங்களாக ஆக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. அண்ணன் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. கோலாரில் நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ரயில்வே பரீட்சையில் பாஸாகி, டிரைவர் வேலைக்கான மெடிக்கலுக்குப் போனபோது, புள்ளிப் புள்ளியாக இருந்த ஒரு பக்கத்தைக் காட்டி என்ன நம்பர் என்று கேட்டார்களாம். நம்பரே இல்லையே என்று சொல்லியிருக்கிறார். அதோடு அந்த வேலை போயிற்று.

அப்படிப்பட்டவர் நாற்பது வயதுக்கு மேல் வானத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தார். அதிலும் நெபுலா என்கிற சிவப்பு ஒளிமேகங்கள்தான் அவருக்குப் பிடித்தவை. ரோஜாப்பூ மாதிரி வட்டமாக விரிந்திருக்கும் ஒன்றை மூன்று குளிர்காலமாக விடாமல் எடுத்துவந்தார். ஏன் அதையே என்று கேட்டால், "எனக்குத் தெரியாததத்தானம்மா நான் பாக்கணும்" என்பார்.

படம் முடிக்கும் தறுவாயில் எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்வார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சிவப்பு வந்துச்சா?"

"வந்துச்சு, ஆனா செங்கல் மாதிரி கீது. பச்சைய இன்னும் கொஞ்சம் கொறைங்கண்ணா."

"எவ்ளோ?"

நான் நம்பர் சொல்லுவேன். அவர் நம்பரை மாற்றி மறுபடி அனுப்புவார். தன் கண்ணுக்குத் தெரியாத நிறத்தை அப்படி என் வாய்வழியாகவே கட்டி முடித்தார். முடிந்ததும் ஒரு பெருமூச்சு கேட்கும். "சரி, அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

கார்டை வாங்கி வைத்தேனே தவிர, ஒரு வாரம் அதைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் ஜன்னலுக்குத் துணி மாட்டி அறையை இருட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்தப் படங்கள் ஒரே சொடுக்கில் வருவதில்லை. வானம் சுற்றும் வேகத்திலேயே மெல்லத் திரும்பும் ஒரு கருவியின் மேல் கேமராவை மாட்டி, சில நிமிடங்களுக்கு ஒன்றாக ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சாஃப்ட்வேரில் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால்தான் மங்கலான வெளிச்சம் தேறும். ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேம் என்பார்கள். தனி ஃப்ரேமில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஓசூர் ரோட்டுப் பக்கத்து விளக்குகள் ஏற்றிவைத்த அழுக்கு ஆரஞ்சு வானம், உப்பைத் தூவிய மாதிரி நட்சத்திரம், நடுவில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படவைக்கும் ஒரு சிவப்புக் கறை.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றேபோல இருந்தன. ஒரு ஃப்ரேமில் விமானம் கோடு போட்டிருந்தது. என் அண்ணன் இந்த ஃப்ரேம்களின் ஓரத்துக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு என்னை விடவில்லை. படத்தை இடதுபக்கம் கொஞ்சம் நகர்த்தினால் அவர் தோள் தெரிந்துவிடும்போல மவுஸைப் பிடித்து இழுத்தேன். கருப்பு விளிம்புதான் வந்தது.

ஃப்ரேம்களைத் தள்ளிக்கொண்டே போனபோது நட்சத்திரங்கள் மெல்லப் பருத்து வருவதைக் கவனித்தேன். லென்ஸில் பனி படிகிறது. படிந்தால் அண்ணன் எழுந்துபோய்ப் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். சந்தேகம் வேண்டாமென்று அவருடைய நண்பர் ஒருவருக்குப் போன் செய்தேன். இருவரும் சேர்ந்துதான் அமாவாசைகளில் ஊருக்கு வெளியே போய்ப் படம் எடுப்பார்கள். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஹௌது, ஆமா மேடம், லென்ஸுக்கு ஹீட்டர் வாங்குங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன், கேக்கல்ல. துணியிலதான் தொடைப்பாரு. ஃபாக் ஆன ஃப்ரேம் எல்லாம் சும்னே வேஸ்ட். தள்ளிடுங்க."

நான் தள்ளவில்லை. எனக்கு வேண்டியதே அந்தப் பனிதான் என்று அப்போது புரிந்தது. லென்ஸ் துடைக்கப்பட்டிருந்தால் மனிதர் இருந்தார். துடைக்கப்படவில்லையென்றால் இல்லை.

இன்னும் சிறிது நகர்த்தியதும் ஆரஞ்சு வானம் திடீரென்று கருத்தது. கரண்ட் போன இடம்; கேமரா பேட்டரியில் ஓடியிருக்கிறது. அதற்கு முந்தின ஃப்ரேம்களில் பனி ஏறிக்கொண்டே இருந்தது. கருத்த பின்பும் நட்சத்திரங்கள் உருண்டையாகப் பருத்தே இருந்தன. எழுந்து சமையலறைக்குப் போய்க் காரணமில்லாமல் அடுப்பைத் துடைத்தேன். 'நீங்க முழிச்சப்பவே அண்ணன் போயிட்டாரு' என்று சொல்வதா நல்லது, அதற்கு மாறாகச் சொல்வதா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டில் எது அண்ணியைக் கொல்லாது என்று தெரியவில்லை.

திரும்பி வந்து அடுத்த ஃப்ரேமைத் தட்டியதும் திரை முழுக்கச் சிவந்தது. இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க அவர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் சிவப்பு டார்ச்சின் வெளிச்சம் அது. கீழ்மூலையில் துணியின் நிழல். அதற்கடுத்த ஃப்ரேமில் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக நின்றன. நடுவில் அந்த ரோஜா, அதன் வெளி இதழ்கள் வரைக்கும். சந்தாபுராவிலிருந்து அவர் அதுவரை எடுத்த எதிலும் அந்த வெளி இதழ் விழுந்ததில்லை.

அப்படிச் சில ஃப்ரேம்கள். பிறகு கரண்ட் வந்து வானம் மறுபடி அழுக்கானது. பிறகு பனி. அந்தப் பனியை யாரும் துடைக்கவில்லை. நட்சத்திரங்கள் பருத்து, ஒன்றையொன்று தொட்டு, கரைந்து, மேற்கே இறங்கிய நெபுலாவை அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி விழுங்கி, கடைசியில் வெறும் வெளிர்நீலம். அந்த நீலத்தில் அண்ணி மாடிக்கு வந்திருக்கிறார்.

அன்றே கிளம்பி லேப்டாப்போடு சந்தாபுராவுக்குப் போனேன். அண்ணி சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். கருத்த ஃப்ரேம்களைக் காட்டி, "இதுதான் கரண்ட் போனது அண்ணி" என்றேன். பிறகு சிவப்பு ஃப்ரேமைத் திறந்தேன்.

"இதான் அவரா?"

"அவரு டார்ச்சு. லென்ஸத் தொடைக்கும்போது விழுந்த வெளிச்சம்."

அண்ணி திரையின்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

"அப்ப நான் முழிச்சிருந்தப்ப அவரு இருந்திருக்காரு."

"ஆமா அண்ணி."

"போய்க் கூப்ட்டிருந்தா எறங்கி வந்திருப்பாரா?"

நான் யோசிக்காமல்தான் சொன்னேன். "எங்க வருவாரு? கரண்ட் வேற போயிருக்கு. இதோ வரேன்னு சொல்லிட்டு அங்கயேதான் நின்னிருப்பாரு."

அண்ணி சிரித்தார். "பத்தே நிமிசம்னு சொல்லுவாரு. எந்தக் காலத்துல பத்து நிமிசத்துல வந்தாரு?" என்று சிரித்தபடியே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அழுதார். அண்ணன் இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

முகம் கழுவி வந்ததும், "அந்த இருட்டுல எடுத்தத மட்டும் வெச்சு ஒரு படம் செஞ்சு குடு" என்றார்.

ஃப்ரேம்கள் கொஞ்சமாக இருந்ததால் சேர்த்த படம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. அந்தப் புள்ளிகளை அடக்கி, பின்னணியைக் கருப்பாக்காமல் லேசான சாம்பலில் நிறுத்தி, நிறத்துக்கு வந்தேன். லேபில் எனக்கு அளவுகோலாக ஒரு முகம் இருக்கும். மாப்பிள்ளையின் கன்னம் சரியாகிவிட்டால் பட்டுப்புடவையிலிருந்து மாலை வரை எல்லாம் தானே சரியாகிவிடும். நெபுலாவுக்கு முகம் கிடையாது. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைத் தேடிப்பிடித்து, அது வெள்ளை என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதற்குச் சமப்படுத்த வேண்டும். செய்தேன். பச்சை போயிற்று. சிவப்பு எழுந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்த்திய கை சட்டென்று நின்றுவிட்டது. நான் போன் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டால்தானே நான் நம்பர் சொல்வேன். யாரும் கேட்காமல் அந்தச் சிவப்பை எங்கே நிறுத்துவதென்று எனக்குப் பிடிபடவில்லை. பல நாள், வேலையிலிருந்து வந்து, ஒரு புள்ளி ஏற்றுவதும் ஒரு புள்ளி இறக்குவதுமாகவே கழிந்தது. லேபில் ஒரு மணப்பெண்ணின் முகத்தைச் செம்மண் நிறத்தில் அனுப்பி ஓனரிடம் திட்டும் வாங்கினேன்.

முடித்ததை அண்ணியிடம் காட்டியபோது அவர் திகைத்தார். "இவ்ளோ செவப்பா? அவருக்கு இது எப்டித் தெரிஞ்சிருக்கும்?"

நிறக்குறை உள்ளவர் கண்ணுக்கு ஒரு படம் எப்படித் தெரியும் என்று காட்டும் வசதி என் சாஃப்ட்வேரில் உண்டு. அச்சு வேலைக்காக வைத்திருப்பது. இத்தனை வருஷத்தில் அண்ணன் படத்துக்கு அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. போட்டேன். ரோஜா அணைந்தது. பழைய மஞ்சளும் புழுதியும் கலந்த மாதிரி ஒரு வட்டம், காய்ந்த சாமந்திபோல இருட்டில் மிதந்தது. அண்ணன் கண்ணுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்துவிட்டதுபோல எனக்குக் கூசியது.

"இதையே போட்டுக் குடு" என்றார் அண்ணி.

லேபிலேயே பிரிண்ட் போட்டேன். கலர் போயிருச்சே என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். அண்ணி அதை ஹாலில் மாட்டாமல் படுக்கையறையில், அண்ணன் வழக்கமாகப் படுக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொண்டார். சிவப்புப் படம் என்னிடம் இருக்கிறது. நண்பருக்கு அனுப்பினேன். 'சூப்பர் மேடம், அவரு பாத்திருக்கணும்' என்று பதில் வந்தது.

கரண்ட் வந்தபிறகு பனியில் கரைந்த ஃப்ரேம்களை நான் அழிக்கவில்லை. யார் சொல்லியும் அல்ல, ஒரு மத்தியானம் அவற்றை மட்டும் தனியாக அடுக்கிச் சேர்த்துப் பார்த்தேன். நெபுலாவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஒளி ஊறிய ஈரத்துணிபோல ஒன்று. அதில் சில ஃப்ரேம்களை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார், மற்றவற்றை யாருமே பார்க்கவில்லை. எது எது என்று பிரிக்க வழியில்லை. நிறம் சமப்படுத்தத் தொடங்கினேன், விட்டுவிட்டேன். அண்ணியிடம் அதைக் காட்டவில்லை. காட்டினால் அவர் மறுபடி விரலை வைத்து, இதில் எதுவரைக்கும் அவர் இருந்தார் என்று கேட்பார்.