போனாள், வந்தாள்

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறது. மலை, காடு, மலையில் பிறந்து கடலில் சேரும் ஓர் ஆறு. எல்லாம் நான் வரைந்தவை. ஆனால் பெயர் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், பாதியில் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் கதாசிரியர் அக்காவின் ஞாபகம் வந்துவிடும்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் கணினி விளையாட்டு நிறுவனம் இருந்தது. நாங்கள் உருவாக்கிய கற்பனை உலகத்துக்கு நான் படம் வரைந்தேன். கதையும் பெயர்களும் அக்காவின் பொறுப்பு. பெயர் விஷயத்தில் அவர் மகா பிடிவாதக்காரர். காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று எதையும் ஏற்கமாட்டார். "இந்தப் பேர சொல்லி யாரு கூப்பிடறா? கூப்பிடறவங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அந்தப் பெயர் குப்பைக்குத்தான். அப்படிப் பிறந்ததுதான் அந்த ஆற்றின் பெயரும். மலைமக்களுக்கு அவள் 'போனாள்'. அவர்களை விட்டு ஓடுகிறவள் அல்லவா! கடற்கரை மக்களுக்கு அவளே 'வந்தாள்'. அரண்மனைக்காரர்கள் மட்டும் ராஜநதி என்றார்கள். இதை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பணம் போட்ட வெளியீட்டாளர்களுக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை. விளையாட்டை ஆடுகிறவர்கள் குழம்புவார்கள், ஓர் இடத்துக்கு ஒரு பெயர்தான், ராஜநதி போதும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றாவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வார்களாம். வருடக்கணக்காக அக்கா கட்டியெழுப்பிய உலகம் அது. அன்று அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் அவர் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார். கொண்டுவந்தவர் வழி தெரியாமல் கைப்பேசியில் அழைத்தார். அக்கா பலகையில் உள்ள தெருப்பெயரைச் சொன்னார், பிறகு சீனக் கடைக்காரர்கள் சொல்லும் பெயரை, கடைசியில் தன் அப்பா சொல்லும் பெயரை. "அக்கா, நான் சுங்கை பாக்காப் ஆளு, இந்தப் பக்கம் புதுசு. பேரெல்லாம் வேணாம்லா, பக்கத்துல என்ன இருக்கு, அத சொல்லுங்க!" பூக்கடை என்றதும் வந்துவிட்டார்.

அக்கா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார். "தம்பி, மேப்புல உள்ள பேரெல்லாம் அழிச்சிரு."

ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தீட்டியவன் நான். எனக்கு வந்ததே கோபம்! "பைத்தியம் புடிச்சிருச்சாக்கா?" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். வரைபடம் வெறுமையாகவே இருக்கட்டும். ஆடுகிறவர் அந்த உலகத்து மக்களில் முதலில் யாரிடம் வழி கேட்கிறாரோ, அவர் சொல்லும் பெயர் அதில் விழட்டும். ஒருவருடைய வரைபடத்தில் ஓர் ஆற்றுக்கு ஒரே பெயர்தான் இருக்கும். வெளியீட்டாளர்கள் கேட்டதும் அதைத்தானே? அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட மூளை அது!

அந்த நிறுவனம் இன்று இல்லை. அக்கா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். விளையாட்டை மட்டும் இன்னும் ஆடுகிறார்கள். போன வாரம் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"போனாள தாண்டுனா கோட்டை வந்துரும்லா."

"எது போனாள்? அது வந்தாள்! என் மேப்ப பாரு!"

இறங்கியதும் அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே ஆறுதான்னு சொல்லிட்டியா?"

"இல்லக்கா. வாயே தொறக்கல."

"நல்ல வேலை செஞ்ச. சண்ட போடட்டும்," என்றார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றேன். ஏன் இதைப் பாதியில் விட்டாய் என்று இனி யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒன்று கேட்கப்போகிறேன்: நீங்கள் மலையா, கரையா?