மெர்கேனுக்கு முற்றம் தேவையில்லை

பிப்ரவரிக் கடைசியில் பள்ளி திறக்கும் நேரம் வந்தால், சிலி நாட்டு வால்பரைசோவின் குன்றுத் தெருக்களில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், பிள்ளைகள் கோடையில் வளர்ந்துவிட்டார்கள் என்று. போன வருடத்துச் சீருடையை மாட்டிப் பார்த்தால் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். உடனே அதை ஒரு பையில் திணித்துக்கொண்டு நோல்ஃபா கார்கமோவின் வீட்டுக்கு ஓடி வருவார்கள். மடிப்பை அவிழ்த்து, தையல் தெரியாமல் நீளம் விட அவளைப் போல அந்தக் குன்றில் யாராலும் முடியாது. அந்த வருடம் மட்டும் மூன்று கால்சட்டைகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்ததை மெர்கேன் தின்றுவிட்டிருந்தது.

சுட்ட மிளகாயை இடித்துச் செய்யும் மெர்கேன் பொடியின் நிறம் என்பதால் நாய்க்கு அந்தப் பெயர். துறைமுகத்துக்குப் பின்னால், காலி மீன் பெட்டிக்குள் தலையை விட்டு எடுக்க முடியாமல், பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தபோது நோல்ஃபாவின் நாய் மீட்புக் குழுவினர் பிடித்து வந்தார்கள். ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். உடம்பில் அந்தக் காதைத் தவிர வேறு எதுவும் படுத்து நோல்ஃபா பார்த்ததில்லை.

ஐந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு அது. தெருவில் அடிபட்டதையும் பட்டினி கிடந்ததையும் எடுத்து வந்து, தேற்றி, வீடு தேடிக் கொடுப்பார்கள். பேசுவது, படிவம் நிரப்புவது, கோபித்துக்கொள்வது எல்லாம் தலைவி இவோனின் வேலை. அவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நாயை வீட்டில் வைத்துக்கொள்வதும், கேட்டு வருகிறவர்களின் வீட்டைப் போய்ப் பார்ப்பதும் நோல்ஃபாவின் வேலை. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள், நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே மாட்டாள். ஆனால் ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு நாய்களுக்கு அவள்தான் வீடு பார்த்தாள். அவள் பார்த்துச் சரி என்று சொன்ன வீட்டிலிருந்து ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

அவளுடைய முறை எளிமையானது. சாயங்காலத் தேநீர் நேரத்தில் நாயோடு போவாள். ரொட்டியும் அவகாடோவும் வைப்பார்கள். முதல் கோப்பை முடியும்வரை எல்லா வீட்டிலும் எல்லோரும் நல்லவர்கள். அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருப்பாள். இரண்டாவது கோப்பை ஊற்றும்போதுதான் வீட்டுக்காரர்கள் விருந்தாளி இருப்பதை மறந்து அவரவர்களாக மாறுவார்கள். அப்போது பார்த்துக்கொள்வாள்.

மெர்கேன் விஷயத்தில் அது நடக்கவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்த மாதத்தில் இவோனே இரண்டு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டார். முதல் வீட்டில் நாலே நாளில் ரோஜாச் செடி எல்லாம் வேரோடு வெளியே வந்தது. இரண்டாவது, தினமும் பத்து கிலோமீட்டர் ஓடும் இளைஞன். நாய் அவனோடு பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சோபாவைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை இவோன் போன் செய்தார்.

"நோல்ஃபா, நாலு குட்டிங்க இடமில்லாம என் குளியலறையில கிடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள மெர்கேனுக்கு ஒரு வீடு. இல்லேன்னா திங்கட்கிழமை பண்ணைக் கொட்டடிக்கு ஏத்திடுவேன். எனக்கும் மனசில்ல, ஆனா வேற வழி சொல்லு பாப்போம்."

நோல்ஃபா ஒரு தடவை அந்தக் கொட்டடியைப் பார்த்திருக்கிறாள். வேளைக்குச் சோறு உண்டு, மருந்து உண்டு. அறுபது நாய்கள் கம்பிக்குப் பின்னால் நின்று, வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்து வாலாட்டின. ஒரு காரும் அவற்றுக்காக வந்ததில்லை.

"புதன்கிழமை ஒரு வீடு இருக்கு, அருமையான வீடு" என்றார் இவோன். "போய் ஒரு 'சரி' சொல்லிட்டு வா."

அருமையான வீடுதான். டென்னிஸ் ஆடலாம் போன்ற முற்றம், இரண்டு ஆள் உயரச் சுவர். முதல் கோப்பையில் வீட்டுக்காரி சொன்னாள், "நாய்னா எங்களுக்கு உசிரு." இரண்டாவது கோப்பையில் கணவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா வர ராத்திரி எட்டாகும். அதனால என்ன, முற்றம் இருக்கே, ஓடட்டும்." நோல்ஃபா ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். நாலு நாற்காலிகள். வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவர்களே அங்கே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

நன்றி சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இருநூறு சதுர மீட்டர் முற்றம்!" என்று போனில் கத்தினார் இவோன். "நானே அங்க போய்க் குடியிருப்பேன்!"

"நீங்க இருப்பீங்க. அவன் இருக்க மாட்டான்."

இரண்டு பேருக்குமே அந்தப் பதில் ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு அவள் படிக்கட்டில் ஏறத் தொடங்கியபோது கீழே தெருவில் காஸ் லாரி வந்து நின்றது. உருளையில் இரும்புச் சாவியால் தட்டும் சத்தம் குன்று முழுவதும் கேட்டது. மேலே ஒரு ஜன்னல் திறந்தது.

"பால்தொமேரோ! எனக்கு ஒண்ணு! அடுப்புல அவரைக்கொட்டை பாதி வெந்து நிக்குது!"

"வர்றேன் தாயி! நான் என்ன கடல்பறவையா, பறந்து வர?"

காஸ்காரன் பால்தொமேரோ உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தான். மெர்கேன் கயிற்றை ஒரே இழுப்பில் நோல்ஃபாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. போயிற்று, இனி ஒரு புகார் வரும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடிக்கிற சத்தமோ திட்டுகிற சத்தமோ கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள்.

நாய் அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. இருபது படி ஏறி, திரும்பி, அவன் வருகிறானா என்று பார்த்தது. அவன் மூச்சு வாங்க நின்றபோது இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றது.

"என்ன முதலாளி, சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்று அவன் நாயிடம் கேட்டான். பதிலுக்கு இடம் விடுவது போல ஒரு கணம் நிறுத்தி, "அவ்வளவா? பாதி எடுத்துக்கோ" என்றான்.

அவர்கள் அப்படியே உச்சிவரை போனார்கள். உருளை மாற்றும் நேரத்தில் மெர்கேன் அந்த வீட்டு வாசலில் நாலு காலையும் நீட்டிப் படுத்தது. கதவைத் திறந்தவள் ஒரு வார்த்தை கொஞ்சினாள், காலிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். அடுத்த சாவிச் சத்தம் கேட்டதும் நாய் எழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை நோல்ஃபா அதே நேரத்துக்கு அதே படியில் நின்றாள். சாயங்காலமும் நின்றாள். இதற்கு முன் இந்த நாய்க்கு எல்லோரும் ஓடுவதற்கு இடம்தான் தேடினார்கள், அவளும்தான். அதற்கு வேண்டியிருந்தது இடம் இல்லை. யாரையாவது அழைத்துக்கொண்டு எங்கேயாவது போய்ச் சேர வேண்டும், அங்கே ஒரு கதவு திறக்க வேண்டும். அது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைப் பால்தொமேரோவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவனே உருளையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான், "நோல்ஃபாம்மா, இது மூணாவது தடவை. ஒண்ணு, நாய்க்கு என்னைப் பிடிச்சிருக்கு. இல்ல, உங்களுக்கு. நாயா இருந்தா விவகாரம் சுலபம்."

அவளுக்குக் காதெல்லாம் சூடாகியது. "நாய்க்குத்தான்" என்றாள்.

"சரி விடுங்க, நாய்க்காவது பிடிச்சிருக்கே."

"நீங்க அவனை வச்சுக்குவீங்களா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "எனக்கு இருக்கிறது ஒரு ரூம், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. முற்றம் கிடையாது. உங்க டீச்சரம்மா முற்றம் இல்லாதவங்களுக்கு ஒரு பல்லியக்கூடக் குடுக்க மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்."

"தேநீர் குடிக்க வரலாமா?" என்று மட்டும் கேட்டாள் நோல்ஃபா.

சனிக்கிழமை போனாள். அறையில் ஒரே கோப்பைதான் இருந்தது, அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவன் ஜாம் பாட்டிலில் குடித்தான். முதல் கோப்பையின்போது அவனும் வெட்கப்பட்டான், அவளும் வெட்கப்பட்டாள். இரண்டாவதை ஊற்றியபோது அவன் அவளை மறந்துபோய், அன்று எந்த வீட்டில் யார் என்ன சண்டை என்று நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நாய் அவன் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக் கேட்டது. சோபா இல்லாத வீடு என்பதையும் நோல்ஃபா கவனித்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிவத்தை அவளே நிரப்பினாள். முற்றத்தின் அளவு என்ற இடத்தில் ரொம்ப நேரம் யோசித்து எழுதினாள்: 'நூற்று எண்பத்தாறு படி. வண்டி வராது.'

படம் பிடித்து அனுப்பிய அடுத்த நிமிடம் போன் வந்தது.

"இது என்ன பதில்?" என்றார் இவோன். "முதல் வருஷம் நான் குடுத்த அந்தக் கறுப்பு நாய் பஸ்ஸில அடிபட்டுச்சே, மறந்துட்டியா? கையில தூக்கிட்டுப் போனது நான். சுவர் இல்லாத வீட்டுக்கு இனி நாய் கிடையாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்."

நோல்ஃபா மறக்கவில்லை. அதனால்தான் இரண்டாவது வாக்கியத்தை எழுதினாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க" என்றாள். "தட்டைச் செருப்பு போட்டுக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமைதான் குன்றில் காஸ் அதிகம் தீரும். எல்லா வீட்டிலும் மாவுக்குள் இறைச்சி அடைத்து எம்பனாடா சுடுவார்கள். இவோன் வரும்போதே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தார். லாரி நிற்கும் இடத்தில் மெர்கேன் பால்தொமேரோவின் இடுப்புப் பட்டையில் கட்டப்பட்டிருந்ததைப் பார்த்தார்.

"இது எனக்காக இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. படியில மட்டும்தான் அவிழ்ப்பேன். லாரின்னா எனக்கே பயம், அதை ஓட்டுறது என் மச்சான்."

லாரிக்குள்ளிருந்து ஒரு குரல் பதிலுக்குத் திட்டியது. பால்தொமேரோ கயிற்றை அவிழ்த்துவிட்டு உருளையோடு ஏறினான். நாய் முன்னால் போனது. நோல்ஃபாவும் இவோனும் பின்னால் போனார்கள். தொண்ணூறாவது படியில் இவோன் உட்கார்ந்துவிட்டார்.

"அறுபத்தெட்டு வயசு, நோல்ஃபா. என்னைக் கொல்லத்தான் கூட்டிட்டு வந்தியா?"

மேலே, கண்ணுக்குத் தெரியாத வளைவிலிருந்து நகம் உரசும் சத்தம் கேட்டது. மெர்கேன் தனியாக இறங்கி வந்தது. இவோனுக்கு இரண்டு படி மேலே நின்று, ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது படுத்து, அவரைப் பார்த்தது. அவர் எழுந்து பத்துப் படி ஏறினார். அதுவும் பத்துப் படி ஏறி நின்றது. அவர் உட்கார்ந்தால் திரும்பி வந்தது. நூற்று எண்பத்தாறு படியும் அப்படியே.

உச்சியில் இவோன் சுவரில் சாய்ந்து நின்று கீழே பார்த்தார். ஒரு வண்டியும் வர முடியாத படிக்கட்டு, இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்த முகம்.

"நாற்பத்து ரெண்டாவது வீடா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமா."

"பேனா இருக்கா?"

யாரிடமும் இல்லை. பால்தொமேரோ காதில் செருகியிருந்த பென்சிலைக் கொடுத்தான். காலி உருளையின் மேல் படிவத்தை வைத்து இவோன் கையெழுத்துப் போட்டார். உருளை வட்டமாக இருந்ததால் கையெழுத்தும் வளைந்தது.

"மாசம் ஒரு தடவை வந்து பார்ப்பேன்" என்றார் மிரட்டலாக.

"தாராளமா வாங்கம்மா" என்றான் பால்தொமேரோ. "வரும்போது ஒரு கையில சின்ன உருளை ஒண்ணு எடுத்துட்டு வந்தீங்கன்னா இன்னும் சந்தோஷம்."

இவோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழே லாரியில் சாவி தட்டும் சத்தம் கேட்டது, மெர்கேன் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தது.