ஜம்புவுக்குக் கிடைத்த ஒரு வசனம்

புனே பக்கம் கட்கியில் ஜம்புவைத் தெரியாதவர்கள் குறைவு. சினிமாவில் அவரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, தமிழ்ச் சங்க மேடையில் ராஜா வேஷம், லீவு போட்டால் ஷூட்டிங். இருபத்திரண்டு வருஷமாகப் பிணமாகப் படுத்திருக்கிறார், கூட்டத்தோடு ஓடியிருக்கிறார், கோர்ட் வாசலில் கைகட்டி நின்றிருக்கிறார். வாயைத் திறக்க மட்டும் விட்டார்களா? ஊஹூம்.

போன மாதம் அடித்தது யோகம், ஓர் இந்திப் படத்தில். நூறு வருஷத்துக்கு முன்னால் நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போன ஒரு வெள்ளைக்கார நடிகரின் கதை. அந்தத் துரைக்குக் கோட்டு மாட்டிவிடும் வேலைக்காரன் நம்ம ஜம்பு. ஒரே ஒரு வசனம். முதல் நாள் துரையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். வசனம் மூன்றாம் நாள்.

நடுவில் கிருத்திகை வந்தது. அவர் சினிமாவில் பேசினால் அவருக்கு மொட்டை போடுவதாக மனைவி சரசா முருகனுக்கு நேர்ந்திருந்தாள்.

"வேஷம் கிடைச்சிடுச்சு இல்ல? சாமியைக் காக்க வைக்காதீங்க."

நாடகத்தில் டோப்பா வைத்தே பழகிய மனுஷன், ஒரு டோப்பா வைத்தால் போச்சு என்று மொட்டை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவரைப் பார்த்ததும் டைரக்டர் ஷீலா தலையில் கை வைத்துக்கொண்டாள். புனே விமான் நகரிலேயே வளர்ந்த பெண், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள்.

"அங்கிள், யே க்யா? என்ன இது? அன்னைக்கு முடி இருந்துச்சே."

டோப்பா வைத்துப் பார்த்தார்கள். கேமராவில் நெற்றி ஓரம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சாரி அங்கிள். டயலாக் வேற ஆளு பேசட்டும்."

ஜம்பு டோப்பாவைக் கழற்றி வைத்தார். "ஒரே தடவை பேசிக் காட்டுறேம்மா. அப்புறம் நானே போயிடறேன்."

பேசும் படம் வந்துவிட்டது, இனி நம் குரல் எடுபடுமோ என்று துரை பயந்து உட்கார்ந்திருக்கும் கட்டம் அது. துரையாக நடித்தவர் நாற்காலியில் இருந்தார். ஜம்பு கோட்டை உதறி அவர் தோளில் போர்த்தினார்.

"பேசுங்க துரை. பேசினாத்தானே நாம இருக்கிறது நாலு பேருக்குத் தெரியும்," என்றார் இந்தியில். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. துரை நிமிர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கதையில் அப்படி எழுதியிருக்கவே இல்லை.

ஷீலா சத்தமில்லாமல் கேமராவை ஓடவிட்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது போதும் அங்கிள். பெட்டி சீன்தான் ஒட்டாது. அதை மொட்டையோட மறுபடி எடுக்கலாம். நாளைக்கும் வாங்க."

பிணத்துக்கு ஒரு நாள் வேலைதான். நாளைக்கும் வா என்று அவரிடம் இதுவரை எந்த டைரக்டரும் சொன்னதில்லை. ஜம்பு வெளியே வந்து சரசாவுக்கு போன் போட்டார். அவள் ஹலோ சொல்வதற்குள், "நாளைக்கும் போகணும்டி," என்றார்.