பதிவு கெடாமல் பார்த்துக்கொண்ட ஞாயிறுகள்

வேலையில்லாதவனுக்கு எல்லா நாளும் லீவுதானே என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒருநாளும் வேலையில்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். திங்கள் முதல் சனி வரை நான் வீட்டுக்குள் ஒளிந்துதான் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஊர் வடக்குத்துத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பேன். அன்றைக்கு ஊரே சும்மா இருப்பதால், "என்னா தம்பி, இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

டிப்ளமோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து வருடம் காத்திருந்த பிறகு அரசாங்க உதவித்தொகை வர ஆரம்பித்தது. மூன்று வருடம் வரும் என்றார்கள். பெட்ரோலுக்கும் ரீசார்ஜுக்குமே அது பற்றாது. வருடத்துக்கு ஒருமுறை கடலூர் போய், இன்னும் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். என் கூட்டாளிகள் மூன்று பேரும் இதே கேஸ்தான். பணம் ஏறிய வாரம், "சம்பளம் போட்டுட்டாங்கடா" என்று எங்களை நாங்களே கிண்டலடித்துக்கொண்டு வடலூர் போய் புரோட்டா தின்போம். மற்ற ஞாயிறுகளில் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் மைதானத்தில் கிரிக்கெட். பெர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகளை ஜெயித்துவிட்டால் அந்தத் தெம்பு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

அப்பா அதே கம்பெனி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை வாரிப் போடும் வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கான்ட்ராக்ட் ஆள் முடியாமல் நின்றால், கான்ட்ராக்டர் மனது வைத்தால், அந்த இடம் மகனுக்கு வரும். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

ஒரு ஞாயிறு காலை. எங்களுக்கு அன்று ஃபைனல். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி சொன்னார்.

"கான்ட்ராக்டருகிட்ட பேசிகினு வந்தேன். நான் நின்னுக்கறேன், எம்மவனுக்கு கேட் பாஸ் போட்டுக் குடுங்கன்னேன். சரின்னாரு. நாளைக்கு ரெண்டு போட்டோ எடுத்துகினு வா."

டிப்ளமோ படித்தவன் மண்வெட்டியோடு மைன்ஸ் கேட்டில் நிற்பதை டவுன்ஷிப் பையன்கள் பார்த்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றியது. வாயில் வந்தது வேறு.

"கான்ட்ராக்ட்ல சேந்தா பதிவு கேன்சலாயிடும்ப்பா. இத்தினி வருஷ சீனியாரிட்டியும் போயிடும்."

அப்படித்தான் எங்கள் செட்டில் எல்லோரும் பேசிக்கொள்வோம். எவனும் ஆபீஸில் கேட்டதில்லை. அப்பா ஐந்தாவதோடு நின்றவர், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர். தைல பாட்டிலை மூடினார்.

"அப்படின்னா வாணாம்பா. பதிவு கெட்டுடக் கூடாது. நான் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கறேன்."

நான் ஃபைனலுக்குப் போனேன். ஜெயித்தோம்.

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமானது. முட்டியைப் பிடித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போய்வந்தார். நடுவில் இரண்டு முறை நான் கடலூர் போய் உறுதிமொழி கொடுத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிளார்க் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

உதவித்தொகை நின்ற பிறகு, பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில், போகிறபோக்கில் கேட்டேன்.

"கான்ட்ராக்ட் வேலைக்குப் போனா பதிவு கேன்சலாயிடுமா சார்?"

"யாருப்பா சொன்னது? உதவித்தொகைதான் நிக்கும். பதிவு அதுபாட்டுக்கு இருக்கும்."

பதிவு போனால் போகட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மறுவாரமே அவர் இடத்தில் சேர்ந்தேன். அதற்குள் அவர் முட்டி போய்விட்டிருந்தது. முன்பே ஓய்வு கொடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போது கழிப்பறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

எனக்கு இப்போது ஞாயிறும் ஷிப்ட் வருகிறது. போன ஞாயிறு பழைய கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, "இவன் முன்னாடியே சேந்திருக்கலாமேங்க" என்றான்.

"அவன் அப்பவே சேர்றேன்னுதாம்பா சொன்னான். நான்தான் பதிவு கெட்டுடும்னு தடுத்துட்டேன்" என்றார் அப்பா.

கிளார்க் சொன்னதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.