மரகதம் அக்கா அனுப்பின ஆள்

பேய் பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடுற ஆளுங்க நான். நீங்களும் சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க. ஆனா ஸ்ரீரங்கத்துல எனக்கு நடந்தது சமயபுரத்தா மேல சத்தியமா நடந்ததுதான்.

அறுபத்தஞ்சாம் வருஷத்துக்கு முன்னாடி இருக்கும். பாலக்கரையில மரகதம் அக்கான்னு ஒருத்தங்க, வீட்டுல படுத்த படுக்கையா கெடக்கறவங்களப் பாத்துக்க எங்கள மாதிரி பொம்பளைங்கள அனுப்புறவங்க. அவங்க கை காட்டினாத்தான் எங்களுக்கு வேலை. நானோ புருஷன் இல்லாதவ, அவங்க சொன்னதுதான் வேதவாக்கு. ஸ்ரீரங்கத்துல ஒரு ஐயங்கார் வீட்டுக்கு அனுப்பினாங்க. பெரிய மாமிக்கு வாதம் வந்து பேச்சும் நின்னுபோச்சு, நல்ல கனத்த உடம்பு. அடிக்கடி பொரட்டிப் போடலேன்னா முதுகு புண்ணாயிடும், அதுக்குக் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் நின்னு, அடியில விரிச்ச துப்பட்டியோட தூக்கணும். மருமக மாமி உச்சிவேளைக்குக் கோயிலுக்குப் போறவங்க, மடியா இருக்கறப்ப நோயாளியத் தொடமாட்டாங்க. "இன்னொரு ஆளு நாளைக்கு வந்துடும்டி"ன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த நாளைக்கு வரவேயில்ல, என் இடுப்புதான் கழண்டு போச்சு.

ஒரு நாள் மத்தியானம், மருமக மாமி கோயிலுக்குப் போயிருந்தாங்க, நான் ஒண்டியா துப்பட்டியப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். அப்ப கொல்லைக் கதவு வழியா ஒரு பொம்பள உள்ள வந்தா. வெள்ளைப் பொடவை, முந்தானைய இழுத்துச் சொருகியிருந்தா. ஒண்ணும் கேக்கல, நேரா அந்தப் பக்கம் போயி துப்பட்டியப் புடிச்சா, மாமி பூ மாதிரி பொரண்டாங்க. "அக்கா அனுப்பினாங்களா?"ன்னேன். தலைய மட்டும் ஆட்டினா. அன்னியிலேர்ந்து தெனம் வந்தா. பேசமாட்டா, தண்ணி குடுத்தாலும் வேணாம்னுடுவா. அக்கா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்களேன்னு நானும் மனசார வாழ்த்தினேன், என் புத்திய செருப்பால அடிக்கணும்.

அப்புறம் ஒரு நாள் மருமக மாமி சீக்கிரமே திரும்பிட்டாங்க. நாங்க தூக்கிப் புடிச்சிருக்கோம், "பெருமாளே!"ன்னு ஒரே அலறல். "அந்தப் பக்கம் யாருமே இல்லையேடி, துப்பட்டி தானா நிக்கறதே!" திரும்பிப் பாத்தா, நம்புனா நம்புங்க, நெசமாவே யாருமில்ல. துப்பட்டி மட்டும் மெல்ல எறங்குச்சு. பெரிய மாமி ஒரு குலுக்கல் இல்லாம படுத்தாங்க.

உடனே ஆள் விட்டு அக்காவ வரவழைச்சாங்க. "ரெண்டு பேர் வருவான்னுதானே சொன்னே, இன்னொருத்தி எங்கே?"ன்னு மருமக மாமி கேட்டாங்க.

அக்கா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்றாங்க, "ரெண்டு பேரைத்தான் மாமி அனுப்பினேன். தனம்னு ஒருத்தி. இவதான் ஒத்துப்போகாம அவள வெரட்டிட்டு, இப்ப மாய்மாலம் பண்றா."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கூடப்பொறந்தவளா நெனச்சேனே, இப்படிக் கழுத்தறுத்துட்டாளேன்னு அவங்களையே மொறச்சேன்.

அப்பதான், பேச்சே இல்லாம கெடந்த பெரிய மாமி காலியா இருந்த பக்கமா கண்ணத் திருப்பி, தெளிவா, "தனம் இங்கதானே நிக்கறா"ன்னாங்க.

அக்கா அந்தப் பக்கம் பாத்தாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு. அந்த வெறும் எடத்தப் பாத்து, "உனக்கும் ஆளு அனுப்பணும்னுதாண்டி இருந்தேன்"னாங்க.

எனக்கு அன்னியோட வேலை போச்சு. கூட வேலை செய்யறவள வெரட்டுறவன்னு அக்கா ஊரெல்லாம் சொல்லி வச்சதுல எந்த வீட்டுலயும் என்னைச் சேக்கல. பொறவு பாலக்கரையில விசாரிச்சேன். தனம்னு ஒருத்தி எனக்கு முன்னாடி அக்காகிட்ட இருந்தவதான். ஒண்டியாத் தூக்கித் தூக்கி முதுகு போயி, படுக்கையில விழுந்து, பொரட்டிப் போட ஆளில்லாம செத்துப்போனவ.

அக்கா பாத்த எடத்த அன்னிக்கு நானும் பாத்தேங்க. வெறும் செவுருதான். ஆனா அக்காவோட கண்ணு அங்கேயே நிக்கல. யாரோ நடக்கறதப் பாக்கற மாதிரி கட்டிலச் சுத்தி மெல்ல நகந்துக்கிட்டே வந்து, எனக்குப் பக்கத்துல நின்னுச்சு.