காலி செய்யச் சொல்வது எப்படி?

போன வாரம் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னைக்காரர்கள் மதுரையில் வந்து குவிந்ததிலிருந்து வாடகை வீடுகளுக்கு ஏக கிராக்கி. அந்த ஆசையில் செல்லூரில் இரண்டு குடித்தனம் உள்ள வீடு ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்.

"அண்ணே, நீங்க பழைய ஆளு. வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?"

சொன்னேன். அட்வான்ஸ் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுங்கள். கிணற்று ராட்டினம் உங்கள் செலவு, கயிறு அவர்கள் செலவு — இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வெட்கம். அதை இங்கே சொல்கிறேன்...

எனக்கும் செல்லூரில் மூன்று குடித்தனம் உண்டு. ஒரே வாசல், ஒரே கிணறு. கடைசி வீட்டுக்கு வேலு என்பவர் மனைவியோடு குடிவந்தார். மில்லில் ஃபிட்டர். வாடிப்பட்டிப் பக்கம் ஊர். வெளுத்த சட்டை, மரியாதையான பேச்சு. "நீங்க என்ன ஆளுக?" என்று நான் கேட்கவில்லை. மீனாட்சி கோயிலுக்குள்ளேயே எல்லாச் சாதியாரும் போகலாம் என்றாகிவிட்ட ஊரில் அதை எதற்குக் கேட்க வேண்டும்? அதைப் பாராட்டிப் பத்திரிகையில் இதே பத்தியில் எழுதியவன் வேறு நான்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் வேலுவின் அப்பா ஊரிலிருந்து வந்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்று, "சாமி... வேலு இருக்கானுங்களா?" என்று முன்வீட்டுக் குமாஸ்தாவிடம் கேட்டார்.

அறுபது வருஷமாக ஊர்த் தெருவில் அப்படித்தான் நடக்கவிட்டிருக்கிறோம். மகன் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீடு என்றால் கால் கேட்குமா?

குமாஸ்தா என்னைத் தனியே அழைத்தார். "அவுக குடம் விழுந்த கிணத்துல நாங்க தண்ணி எடுக்க முடியாது சார். அவன் போகணும். இல்லைன்னா நாங்க ரெண்டு குடித்தனமும் போறோம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பேனா பிடிக்கிற தைரியம் வேறு, வாசலில் நின்று பேசுகிற தைரியம் வேறு. வேலுவுக்கு இனி மதுரையில் எந்தத் தெருவில் வீடு கிடைக்கும் என்று தெரிந்தேதான் போனேன்.

"மகளுக்குத் தலைப்பிரசவம். வீடு வேணும் வேலு" என்றேன்.

எனக்கு இருப்பது இரண்டும் பையன்கள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வேலு நம்பிவிட்டார். "அதுக்கென்னங்கய்யா... பிள்ளத்தாச்சிய வேற எங்க வச்சுப் பாப்பீக? இந்த வாரமே ஒழிச்சுத் தாரேன்."

சனிக்கிழமை சாவி வாங்கப் போனேன். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. வைகைக்கரையில் ஒரு குடிசை கிடைத்ததாம். உள்ளே எட்டிப் பார்த்தால், நாலு சுவரும் புதுச் சுண்ணாம்பு.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன்.

"பச்சப்பிள்ள இருக்கப் போற வீடுங்கய்யா. பழைய காரை உதுந்து கண்ணுல விழுந்துறக் கூடாதுன்னு அவுகதான் லீவு போட்டு அடிச்சாக" என்றார் வேலுவின் மனைவி.

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு மில் இருக்கிற பக்கமே நான் போவதில்லை. முந்தாநாள் சிம்மக்கல்லில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். வேலு சைக்கிளை விட்டு இறங்கினார்.

"என்ன பிள்ளைங்கய்யா?"

"ஆம்பளப் பிள்ளை" என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பு. "யாரு சாடைங்கய்யா?"

"என் சாடைதான்" என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.